பதில் தெரிந்தும் பொறுத்திருக்கும் ஊழியம்

(நம் மருத்துவமனையின் ஆதரவாளர் கூடுகையில் சாப்ளின் ஆற்றிய உரை)



 தூரமான சபைகளிலிருந்தும் புதுக்கோட்டை வரை பிரயாணப்பட்டு வந்திருக்கிறீர்கள். வெயிலையும் பஸ்ஸின் நெரிசலையும் பொருட்படுத்தாமல் வந்த உங்களைக் காணும்போது எங்கள் உள்ளம் நன்றியால் நிறைகிறது.

இந்த ஆண்டு உங்களில் சிலர் எங்களுக்கு ஒரு கேள்வி எழுதியிருந்தீர்கள். அன்போடு கேட்ட கேள்வி, நியாயமான கேள்வி. "கிராமங்களுக்குச் செல்லும் சுகாதாரக் கல்வியாளர்களுக்கு எங்கள் காணிக்கையிலிருந்து சம்பளம் போகிறது. நாங்கள் ஒரு கூட்டத்தை நேரில் வந்து பார்த்தோம். அந்த அம்மா ஒன்றும் போதிக்கவில்லையே! ஊர்ப் பெண்கள்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர் கேள்வி கேட்டுவிட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தார். இதற்கு ஒரு வேனும், ஒரு பெரிய திரையும், நல்ல படமும் வாங்கிக் கொடுத்தால் எல்லா ஊரிலும் ஒரே பாடத்தைத் தவறில்லாமல் காட்டலாமே?" என்று கேட்டிருந்தீர்கள்.

இன்றைய உரையை முழுவதும் இந்தக் கேள்விக்கே ஒதுக்குகிறோம். காரணம், வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் நீங்கள் எடுக்கப்போகும் தீர்மானம் இதைப் பொறுத்தே இருக்கிறது.

அந்தக் கூட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். இரத்தசோகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு நான்காம் மாதத்திலிருந்து 180 நாட்களுக்கு இரும்புச்சத்து மாத்திரையை அரசு இலவசமாகக் கொடுக்கிறது. நர்ஸம்மா வீடு தேடிப் போய்க் கொடுக்கிறார். ஆனாலும் எத்தனையோ வீடுகளில் அந்த மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் சாமான் அலமாரியில் கிடக்கிறது.

"இரும்புச்சத்து மாத்திரை நல்லது, தவறாமல் சாப்பிடுங்கள்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். எல்லாரும் தலையாட்டுவார்கள். அட்டை அலமாரியிலேயே இருக்கும்.

எங்கள் கல்வியாளர் அப்படித் தொடங்குவதில்லை. வேப்பமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடியதும் ஒரு பிரச்சினையை முன்வைக்கிறார். "ஒரு பொண்ணு, அஞ்சு மாசம். நூறு நாள் வேலைக்குப் போறா. மண்வெட்டியைத் தூக்கினா மூச்சு வாங்குது, கண்ணு இருட்டுது. மாத்திரை வீட்டுல இருக்கு, சாப்பிடலை. ஏன் சாப்பிடலை?" அவ்வளவுதான். பிறகு அவர் பேசுவதில்லை.

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு ஒருத்தி, "சாப்பிட்டா வயித்தைப் பிரட்டுது, அக்கா" என்பாள். இன்னொருத்தி, "வெளிக்குக் கறுப்பாப் போகுதுன்னு பயந்துட்டேன்" என்பாள். மூலையில் இருக்கும் ஓர் ஆத்தா, "அதைத் தின்னா வயித்துல பிள்ளை பெருத்துப் போகும், பிரசவம் கஷ்டமாப் போகும்" என்று அடித்துச் சொல்வார். மருமகள் அதைக் கேட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். அட்டை ஏன் பிரிக்கப்படவில்லை என்பது அப்போதுதான் வெளியே வருகிறது. எந்தத் திரைப்படமும் இந்தக் காரணங்களை அந்த ஊரிலிருந்து கேட்டு வாங்கியிருக்க முடியாது.

அதன் பிறகுதான் நம் கல்வியாளர் வாய் திறக்கிறார். இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் பிரட்டல் குறையும் என்கிறார். மாத்திரை எடுக்கும் நேரத்தை ஒட்டி டீ, காப்பி குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது என்கிறார். கறுப்பாகப் போவது கெடுதல் இல்லை என்கிறார். ஆத்தாவை மட்டும் அவர் மறுத்துப் பேசுவதில்லை. "ஆத்தா, உங்க காலத்துல பிரசவத்துல அதிகமா உதிரம் போய்க் கஷ்டப்பட்டவங்களைப் பார்த்திருக்கீங்களா?" என்று கேட்கிறார். ஆத்தா பார்த்திருக்கிறார். அவரே சொல்லத் தொடங்குகிறார். இரத்தம் குறைந்த உடம்பு அந்த இழப்பைத் தாங்காது என்பதை அந்தக் கதையிலிருந்தே எல்லாரும் புரிந்துகொள்கிறார்கள். மாமியாரே மாத்திரையை எடுத்துக் கொடுக்கும் வீடாக அது மாறுவதற்கு வழி அங்கேதான் திறக்கிறது.

பிரியமானவர்களே, இதற்குப் படித்தவர்கள் வைத்திருக்கும் பெயர் பிரச்சினை வழிக் கற்றல். மருத்துவக் கல்வியில் இது கனடா நாட்டின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1969-இல் தொடங்கியது. அங்கே மாணவர்களுக்கு நீண்ட விரிவுரைகள் கொடுப்பதற்குப் பதிலாக, ஒரு நோயாளியின் பிரச்சினையைச் சிறு குழுவின் முன் வைத்தார்கள். தெரிந்தது என்ன, தெரியாதது என்ன, எங்கே போய்த் தேடுவது என்று குழுவே கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் வழித்துணையாக அருகில் இருப்பார். 1974-இல் நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்து மருத்துவக் கல்லூரியும் இந்த முறையிலேயே ஆரம்பிக்கப்பட்டது. நம் தேசத்திலும் 2019 முதல் நடைமுறைக்கு வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் சிறு குழுக் கற்றலுக்கு இடம் கொடுத்திருக்கிறது.

இது வெளிநாட்டுச் சரக்கு, நம் ஊருக்கு ஒத்துவராது என்று யாரும் நினைக்க வேண்டாம். இந்தப் புதுக்கோட்டை மாவட்டம் இதைக் கண்ணாரக் கண்டிருக்கிறது. 1991, 1992 ஆண்டுகளில் இங்கே நடந்த அறிவொளி இயக்கத்தை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது ஷீலா ராணி சுங்கத் அம்மையார் மாவட்ட ஆட்சியராக இருந்தார். அறிவொளிப் பாடப்புத்தகம் அ, ஆ என்று தொடங்கவில்லை. 'பட்டா', 'படி' என்னும் சொற்களில் தொடங்கியது. நிலம் யார் பேரில் இருக்கிறது, பட்டா இல்லாதவர் நிலை என்ன என்று பேசிவிட்டு எழுத்துக்குப் போனார்கள். பிரேசில் நாட்டில் பாவ்லோ ஃப்ரெய்ரே என்னும் கல்வியாளர் 1963-இல் ஏழைத் தொழிலாளருக்கு எழுத்துக் கற்பித்தபோது கையாண்ட வழியும் இதுவே. அவர்கள் வாழ்க்கையில் உள்ள சொல்லையே எடுத்து, அதைப் பற்றிப் பேசவைத்து, பிறகே எழுத வைத்தார்.

அறிவொளியில் நடந்த இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். இரவு வகுப்புகளுக்கு ஊர் ஊராகப் போக வேண்டிய பெண் தொண்டர்களுக்குப் போக்குவரத்து ஒரு பிரச்சினை. அவர்கள் சைக்கிள் கற்றார்கள். அவர்களைப் பார்த்துக் கற்க வந்தவர்களும் கற்றார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே எடுத்தார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று சிலர் அதையே விரும்பினார்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். எழுத்தறிவுப் பாடப்புத்தகத்தில் சைக்கிள் பாடம் இருந்ததா என்று யாரும் காத்திருக்கவில்லை. களத்தில் நின்றவர்களுக்குத் தேவை தெரிந்தது. தெரிந்ததைச் செய்ய அவர்களுக்கு இடம் கொடுக்கப்பட்டது. இந்த 'இடம் கொடுத்தல்' என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இன்று கேட்கப்போவதும் அதையே.

வேதத்தை அறிந்த நமக்கு இது புதிதும் அல்ல. பிறன் யார் என்று ஒரு நியாயசாஸ்திரி நம் ஆண்டவரிடம் கேட்டபோது, அவர் விளக்கம் சொல்லி அனுப்பிவிடவில்லை. எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்த ஒருவனை அவன் கண்முன் நிறுத்தினார். மூவர் அந்த வழியே போனதைச் சொன்னார். கடைசியில், அந்த மூவரில் பிறனாக இருந்தவன் யார் என்று கேட்டவனிடமே திருப்பிக் கேட்டார். பதிலை அவன் தன் வாயால் சொல்ல வேண்டியதாயிற்று. தன் வாயால் சொன்னதை மனுஷன் எளிதில் மறப்பதில்லை.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறோம். கல்வியாளர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரா? இல்லை. அந்தப் பாயில் உட்கார்ந்திருக்கும் ஒரு மணி நேரத்தில் அவர் பல தீர்மானங்களை எடுத்துக்கொண்டிருக்கிறார். அவற்றில் மூன்றை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது, எந்தப் பிரச்சினையை வைப்பது என்ற தீர்மானம். கண்மாய் வற்றிக் கிடக்கும் மாசத்தில் ஒரு பிரச்சினை. மழை பெய்து வயலில் நடவு நடக்கும் மாசத்தில் வேறொரு பிரச்சினை. கல் குவாரியில் வேலை செய்வோர் மிகுந்த ஊரில் இருமலும் மூச்சிரைப்பும் முதலில் வரும். வயதானவர்கள் மட்டும் தங்கிவிட்ட ஊரில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் முதலில் வரும். இதைத் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்து ஆண்டு முழுவதற்கும் அட்டவணை போட முடியாது.

இரண்டாவது, எப்போது பேசாமல் இருப்பது என்ற தீர்மானம். இதுதான் மிகவும் கடினமானது. பதில் நாக்கு நுனியில் நிற்கிறது. சொல்லிவிட்டால் கூட்டம் முடிந்துவிடும். ஆனால் இன்னும் ஒரு நிமிடம் பொறுத்தால், இதுவரை பேசாத அந்த மருமகள் பேசலாம். அவளுக்காகப் பொறுத்திருப்பது சோம்பல் அல்ல, உழைப்பு. பிரசங்கபீடத்தில் பல ஆண்டுகள் நின்றவர்களாகிய எங்களைப் போன்றோருக்கு அந்த உழைப்பு எவ்வளவு பாரமானது என்று நன்றாய் விளங்கும்.

மூன்றாவது, எப்போது உடனே பேசியாக வேண்டும் என்ற தீர்மானம். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று ஒருவர் சொன்னால், "மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. நீர் வற்றினால் குழந்தை பிழைக்காது என்பதை அந்த நொடியே சொல்ல வேண்டும். உப்புக் கரைசல் பொட்டலம் இல்லாதபோது, ஒரு லிட்டர் சுத்தமான நீரில் 6 மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரை மட்டத் தேக்கரண்டி உப்பும் என்ற அளவைக் கலந்துரையாடலில் கண்டுபிடிக்க முடியாது; உப்பு கூடினால் ஆபத்து. அதைச் சொல்லிக் கொடுத்து, கலந்து காட்டி, அவர்களையும் கலக்கவைத்துப் பார்க்க வேண்டும். பாம்பு கடித்த இடத்தைக் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது, கடிபட்டவரை நடக்கவிடாமல் விஷமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோக வேண்டும் என்பதும் அப்படியே.

எங்கே பொறுப்பது, எங்கே குறுக்கிடுவது என்ற இந்தப் பகுத்தறிவை எந்தக் கையேட்டிலும் முழுமையாக அச்சிட முடியாது. மாஸ்ட்ரிக்டில் இந்த முறையை ஆராய்ந்த ஸ்மிட், மௌஸ்ட் என்னும் இருவர் 1995-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நல்ல வழித்துணை ஆசிரியருக்கு வேண்டியவை என்று அவர்கள் கண்டவை மூன்று: பாடத்தில் அறிவு, கற்பவர்கள்மேல் உண்மையான அக்கறை, அவர்களுக்கு விளங்கும் மொழியில் பேசும் திறமை. அறிவு மட்டும் போதாது. அன்பு மட்டும் போதாது. இரண்டும் சேர்ந்து, எதிரில் இருப்பவரின் பேச்சில் வெளிப்பட வேண்டும். திரையில் ஓடும் படத்துக்கு அறிவு இருக்கலாம். எதிரே இருக்கும் முகத்தைப் பார்த்து நிறுத்தவும் மாற்றவும் அதற்குத் தெரியாது.

இன்னொன்று. பிரச்சினையிலிருந்து தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பது முன்கூட்டித் தெரியாது. டேவிட் வெர்னர், பில் போவர் இருவரும் 1982-இல் சுகாதாரப் பணியாளர் பயிற்சிக்காக எழுதிய நூலில் 'ஆனால் ஏன்?' என்றொரு விளையாட்டு இருக்கிறது. ஒரு சிறுவன் இறந்தான். ஏன்? தசைவிறைப்பு ஜன்னி. ஆனால் ஏன்? தடுப்பூசி போடவில்லை. ஆனால் ஏன்? இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் கிருமியில் தொடங்கிய பேச்சு வறுமையிலும் நிலத்திலும் அதிகாரத்திலும் போய் நிற்கும்.

நம் மாவட்டத்து வேங்கைவயலை எண்ணிப் பாருங்கள். 2022 டிசம்பரில் அங்கே குழந்தைகள் நோயுற்றார்கள். தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தலித் மக்கள் குடியிருப்பின் மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மனித மலம் கலந்திருந்தது தெரியவந்தது. தேசமே வெட்கித் தலைகுனிந்தது. அப்படிப்பட்ட ஓர் ஊரில் போய், "தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்" என்ற பாடத்தை ஓட்டிக் காட்டிவிட்டு வரலாமா? ஏன் என்று கேட்கும்போது வரும் பதிலைக் கேட்கும் தைரியம் கல்வியாளருக்கு வேண்டும். அந்தப் பதிலோடு அவர் திரும்பி வரும்போது, "இது சுகாதாரம் அல்ல, இதை ஏன் பேசினாய்?" என்று கேட்காத மருத்துவமனையும், ஆதரவாளர்களும் அவருக்கு வேண்டும்.

இப்படி இடம் கொடுத்தவர்களின் பலனை நாம் ஏற்கெனவே கண்டிருக்கிறோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோலே, மேபல் ஆரோலே தம்பதியர் 1970-இல் மகாராஷ்டிராவின் வறண்ட ஜாம்கெட் பகுதியில் பணி தொடங்கினார்கள். ஊரார் தெரிந்தெடுத்த பெண்களைக் கிராம சுகாதாரப் பணியாளர்களாக்கினார்கள். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். வாரந்தோறும் அவர்கள் ஜாம்கெட்டுக்கு வந்து கூடினார்கள். தங்கள் ஊரில் அந்த வாரம் கண்ட பிரச்சினைகளைச் சொன்னார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள். பின்னர் அந்தப் பெண்களே உலகின் பல பாகங்களிலிருந்து வந்தவர்களுக்குக் கற்பிக்கிறவர்கள் ஆனார்கள். ஆரோலே தம்பதியருக்கு 1979-இல் மகசேசே விருது கிடைத்தது. அந்தப் பணியின் அஸ்திவாரத்தில் வாரந்தோறும் கூடிய அந்தப் பெண்களின் வட்டம் இருந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது.

ஆகவே, எங்கள் கல்வியாளர்களும் வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் கிராமத்துக்குப் போவதில்லை. மருத்துவமனையில் ஒன்றாக உட்காருகிறார்கள். அந்த வாரம் எந்தக் கேள்விக்கு யாரும் வாய் திறக்கவில்லை, எங்கே தாங்கள் பேசியிருக்க வேண்டும், எங்கே பொறுத்திருக்க வேண்டும் என்று பேசுகிறார்கள். அடுத்த வாரத்துக்கான பிரச்சினையைத் தாங்களே எழுதுகிறார்கள். ஒரு டாக்டரும் உடன் உட்காருகிறார். மருத்துவ உண்மை தவறாமல் பார்ப்பது அவர் வேலை. அதற்கு மேல் அவரும் கேட்டால்தான் பேசுகிறார். கணக்குப் புத்தகத்தில் இந்தப் பிற்பகலுக்கு எதிரே 'கூட்டம் இல்லை, பயனாளிகள் இல்லை' என்று வெறுமையாக இருக்கும். அதைப் பார்த்து, இந்தச் செலவு எதற்கு என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அந்த வெறுமையான கட்டத்தில்தான் மற்ற நாட்களுக்கான விதை முளைக்கிறது என்று பணிவோடு சொல்லுகிறோம்.

சுதந்திரம் கொடுங்கள், கணக்குக் கேட்காதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. விசுவாசத்தோடு கொடுத்த காணிக்கைக்குக் கணக்கு ஒப்புவிப்பது எங்கள் கடமை. ஆனால் வேறு கணக்கைக் கேளுங்கள். எத்தனை கூட்டம், எத்தனை தலை என்பதோடு நிற்காதீர்கள். அந்த ஊர்ப் பெண்கள் எந்தக் கேள்வியை எழுப்பினார்கள்? எதைச் செய்வதாகத் தீர்மானித்தார்கள்? மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது அது நடந்திருந்ததா? நடக்கவில்லை என்றால் கல்வியாளர் எதை மாற்றினார்? இந்த நான்கையும் ஒவ்வொரு காலாண்டு அறிக்கையிலும் உங்களுக்கு எழுதி அனுப்ப ஆயத்தமாயிருக்கிறோம். சில காலாண்டுகளில், "எதிர்பார்த்தது நடக்கவில்லை" என்று எழுத வேண்டியிருக்கும். அப்போதும் எங்களைத் தாங்குங்கள்.

வேனும் திரையும் வேண்டாம் என்றும் நாங்கள் சொல்லவில்லை. படம் நல்ல கருவி. காசநோய் எப்படிப் பரவுகிறது என்பதைப் படம் அழகாகக் காட்டும். ஆனால் அதை எப்போது காட்டுவது, எங்கே நிறுத்திக் கேள்வி கேட்பது, எந்த ஊரில் காட்டாமலே இருப்பது என்று தீர்மானிக்கிறவர் அந்தக் கல்வியாளராகவே இருக்கட்டும். கருவியை வாங்கிக் கொடுத்துவிட்டு, கருவியைப் பிடிக்கிற கையைக் கட்டிவிடாதீர்கள்.

இந்தக் கல்வியாளர்களில் அநேகர் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படித்த, இந்த மண்ணில் பிறந்த பெண்கள். டாக்டர் பட்டம் இல்லை, வெள்ளைக் கோட்டும் இல்லை. அவர்கள் சொந்தமாகத் தீர்மானிக்கலாம் என்று சொன்னால், நம்மில் சிலருக்கே கொஞ்சம் தயக்கம் வரும். ஆனால் நோயாளி வீட்டுத் திண்ணையில் உட்காரவும், மாமியாருக்கும் மருமகளுக்கும் நடுவே பேச்சை அறிந்து நடத்தவும், சொல்லாமல் மறைக்கும் வலியை முகத்தில் வாசிக்கவும் அவர்களுக்குத் தெரியும். அதுவும் ஒரு தொழிலறிவு. பயிற்சியால் கூர்மையாகி, நம்பிக்கையால் வளரும் அறிவு. நம்பப்படாதவர் கையேட்டை வாசித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். நம்பப்பட்டவரோ இன்னும் ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பார்.

எனவே வரும் ஆண்டில் நாங்கள் உங்களிடம் கேட்பவை இரண்டு. கல்வியாளர்களின் சம்பளத்தோடு, வெள்ளிக்கிழமை பிற்பகல் பயிற்சிக்கும் உங்கள் சபைகள் தொடர்ந்து கொடுக்க வேண்டும். அடுத்து, உங்களில் இயன்றவர்கள் ஒரு நாள் வந்து அந்தப் பாயில் எங்களோடு உட்கார வேண்டும். வரும்போது ஒரே ஒரு நிபந்தனை: பதில் தெரிந்தாலும் கொஞ்சம் பொறுத்திருங்கள்!

 கிராமத்துப் பாதைகளில் நடக்கும் அந்தச் சகோதரிகளுக்குக் கேட்கும் செவியையும், ஏற்ற வேளையில் பேசும் நாவையும் கர்த்தர் தந்தருள்வாராக. உங்கள் குடும்பங்களையும் சபைகளையும் அவர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.